ஒளிஒலி வாயு அளவி தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒளிஒலி வாயு அளவியில் துடிக்கும் லேசர் ஒளியை வாயு உறிஞ்சிச் சூடாகி ஒலி எழுப்பும்; அந்த ஒலியை மைக்கால் கேட்டுக் கருவி வாயுவின் செறிவைச் சொல்கிறது. அளவைத் திருத்துவதற்கென்று தெரிந்த செறிவுள்ள ஸ்பான் வாயுவைக் கொடுத்தும் கருவி சரியான எண்ணைக் காட்டவில்லை என்றால், முதலில் கை போவது ஸ்பான் திருத்தும் பொத்தானுக்குத்தான். அதை அழுத்தினால் எண் சரியாகிவிடும். கோளாறு அப்படியே இருக்கும். ஒளிஒலிக் கருவியில் இது மற்றக் கருவிகளைவிட ஆபத்தானது. ஏனென்றால் அந்தப் பொத்தான் மாற்றும் ஒரே திருத்தக் காரணிக்குள் (சிக்னலைச் செறிவாக மாற்றும் பெருக்கெண்) லேசரின் திறன், அலைநீளம், ஒலிக்கலத்தின் (வாயுவும் ஒளியும் சந்திக்கும் குழாய் அறை) ஒத்ததிர்வு, மைக்கின் உணர்திறன், வாயு எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பது எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. எது மாறியது என்று தெரியாமல் காரணியை மாற்றினால், நாளைக்கு அது திரும்ப மாறும்போது உங்கள் அளவு எதிர்ப்பக்கம் பிசகும்.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடுவோம். காரணியில் கை வைப்பது கடைசி வேலை.

கணக்குக்கு ஒரு கலத்தை வைத்துக்கொள்வோம்: இரண்டு முனையும் திறந்த ஒத்ததிர்வுக் குழாய், இரு பக்கமும் தாங்கல் அறைகள், அறை வெப்பநிலைக் காற்றில் 1600 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு, க்யூ மதிப்பு (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்பதன் அளவு) 40. உங்கள் கலத்தின் எண்கள் வேறாக இருக்கும், வழி இதேதான்.

எதையும் தொடுவதற்கு முன்

கருவி நன்றாக இருந்த நாளில் எடுத்த நான்கு பதிவுகள் உங்களிடம் இருக்க வேண்டும்: ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் க்யூ மதிப்பும், கலத்துக்குப் பின்னால் அளந்த லேசர் திறன், சீரோ வாயுவில் (அளக்க வேண்டிய வாயு கலக்காதது) லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (லேசர் துடிக்கும் அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுப்பது) காட்டிய எக்ஸ், ஒய் மதிப்புகள் (சிக்னலின் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கூறுகள்), ஸ்பான் வாயுவில் அதே எக்ஸ், ஒய் மதிப்புகள். வெறும் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. பழைய பதிவு இல்லையென்றால் இன்றைய நிலையையாவது எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களின் வெளியேற்றுக் குழாய் அறைக்கு வெளியே போகட்டும்.

அறிகுறி: சீரோ வாயுவிலும் எண் காட்டுகிறது

சீரோ வாயுவில் சிக்னல் வருவது தானே ஒரு கோளாறு அல்ல. கண்ணாடிச் சாளரமும் குழாய்ச் சுவரும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடும் அதே அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும். அந்தப் பின்னணி எங்கிருந்து வருகிறது, நிலையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படிப்படியாகப் பிரியுங்கள். லேசரை அணைத்துவிட்டுப் பாருங்கள்: மிஞ்சுவது இரைச்சல் மட்டும். அப்புறம் லேசரை மாடுலேஷனோடு (குறித்த அதிர்வெண்ணில் துடிக்கவைத்து) இயக்கி, கற்றையைக் கலத்துக்குள் போகவிடாமல் வெளியே தடுத்துப் பாருங்கள். இப்போது சிக்னல் வந்தால் அது லேசர் ஓட்டியிலிருந்து மைக் கம்பிக்குத் தாவும் மின் கசிவு, அல்லது கற்றையை வெட்டி வெட்டித் துடிக்கவைக்கும் சாப்பர் சக்கரத்தின் சத்தம். கற்றையைத் தடுக்கும் பொருளைக் கலத்திலிருந்து தள்ளி வையுங்கள். கறுப்பு அட்டை பக்கத்தில் இருந்தால் அதுவே துடிக்கும் ஒளியை உறிஞ்சி ஒலி எழுப்பி உங்களை ஏமாற்றும். மூன்றாவதாகக் கற்றையை உள்ளே விடுங்கள். கூடுதலாக வருவது சாளரமும் சுவரும் தருவது, அல்லது சீரோ வாயுவில் இருக்கும் அசுத்தம். கற்றையை ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி நகர்த்தும்போதே பின்னணி பெரிதாக மாறினால் கற்றை சுவரை உரசுகிறது. சீரமைப்பைச் சரி செய்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

சாளரத்தின் பின்னணி என்று உறுதியானால் அதைக் கழிக்கலாம். ஆனால் எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சீரோவில் எக்ஸ் 12 மைக்ரோவோல்ட், ஒய் பூஜ்யம் என்று வையுங்கள். இப்போது வாயு வந்து அதற்கு 90 டிகிரி கட்டக்கோணத்தில் (லேசரின் துடிப்பிலிருந்து சிக்னல் எவ்வளவு பிந்துகிறது என்பதன் கோண அளவு) 5 மைக்ரோவோல்ட் சேர்க்கிறது. லாக்-இன் காட்டும் மொத்த வீச்சு (எக்ஸ், ஒய் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) 13. வீச்சிலிருந்து வீச்சைக் கழித்தால் 13-இலிருந்து 12 போக 1 மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். உண்மையான சிக்னலோ 5. ஐந்தில் நான்கு பங்கு தொலைந்துவிட்டது! எக்ஸிலிருந்து எக்ஸ், ஒய்யிலிருந்து ஒய் என்று தனித்தனியாகக் கழித்து, அதன் பிறகு வீச்சை எடுத்தால் 5 அப்படியே கிடைக்கும். சாளரத்தின் சூடும் வாயுவின் சூடும் ஒரே கட்டக்கோணத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. உங்கள் மென்பொருள் வீச்சை மட்டும் கழிக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கார்பன் டைஆக்சைடு அளவி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. வெளிக்காற்றிலேயே அது 420 பிபிஎம்முக்கு மேல் உண்டு. பம்ப் கலத்துக்குப் பின்னால் இருந்து இழுக்கும் அமைப்பில் சிறு கசிவும் சீரோவை ஏற்றிவிடும். சீரோ வாயு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் மெதுவாக மூச்சு விடுங்கள். வெளிவிடும் மூச்சில் சுமார் 4% கார்பன் டைஆக்சைடு இருப்பதால், கசியும் இணைப்பில் எண் துள்ளும். நீராவி அளவிக்கும் இதே சோதனை உதவும்.

அறிகுறி: ஸ்பான் சிக்னல் குறைந்துவிட்டது

இங்கே முதல் வேலை கருவியை இரண்டாகப் பிரிப்பது. கலத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கரைப் பொருத்தி, எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் ஓட்டி, ஒத்ததிர்வைச் சுற்றி அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே மைக்கின் பதிலைப் பதியுங்கள். இதில் ஒளிக்கு வேலையே இல்லை. ஸ்பீக்கர் தரும் பதில் பழையபடி இருந்து, ஒளி தரும் பதில் மட்டும் குறைந்திருந்தால் குற்றவாளி லேசர் அல்லது வாயு. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் மைக் அல்லது குழாய். சில நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, பாதிக் கருவியைப் பிரித்துப் பார்க்கும் வேலையை மிச்சமாக்கும். ஸ்பீக்கர் இல்லாத கலத்துக்கு ஒன்றைப் பொருத்திக்கொள்வது எந்தச் செலவையும்விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

க்யூ மதிப்பு இறங்கியிருந்தால் குழாய்க்குள் தூசி, ஈரத்துளி, அல்லது இறுக்கம் தளர்ந்த வளையம். க்யூ அப்படியே இருந்து உச்சம் மட்டும் குறைந்திருந்தால் மைக். எலக்ட்ரெட் மைக்குகள் ஈரத்திலும் சூட்டிலும் நாளடைவில் உணர்திறன் இழக்கும்.

லேசர் பக்கம் என்றால், திறனை அளப்பதோடு நிறுத்தாதீர்கள். திறன் முழுதாக இருந்தும் அலைநீளம் நகர்ந்திருக்கலாம். டிஎஃப்பி டையோடு லேசரின் (ஒரே அலைநீளம் தரும் குறைகடத்தி லேசர்) அலைநீளம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். மீத்தேனுக்குப் பயன்படும் 1653.7 நானோமீட்டர் பக்கத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஓர் உறிஞ்சு கோட்டின் (வாயு ஒளியை உறிஞ்சும் குறுகிய அலைநீளப் பட்டை) அரை அகலம், அதாவது உச்சத்திலிருந்து பாதி உயரத்துக்கு இறங்கும் தூரம், 0.02 முதல் 0.03 நானோமீட்டர் அளவுதான். அதாவது லேசரின் வெப்ப உணரி கால் டிகிரி தவறினாலே நீங்கள் கோட்டின் சரிவில் நிற்பீர்கள். அமைப்பில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், ஸ்பான் வாயுவை ஓடவிட்டு லேசரின் வெப்பநிலையை மெல்ல மாற்றி உச்சத்தைத் தேடுங்கள். இரண்டாம் ஹார்மோனிக் முறையில் (அலைநீளத்தை ஆட்டி, ஆட்டும் அதிர்வெண்ணின் இரு மடங்கில் சிக்னலை எடுப்பது) அளப்பவர்கள் மாடுலேஷன் வீச்சையும் சோதிக்க வேண்டும்: உச்ச வீச்சு கோட்டின் அரை அகலத்தைப்போல் சுமார் 2.2 மடங்கு இருக்கும்போது சிக்னல் அதிகம். கலத்தின் அழுத்தம் மாறினால் கோட்டின் அகலமும் மாறும், அந்தப் பொருத்தமும் போய்விடும்.

வாயு பக்கம் என்றால் பெரும்பாலும் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கும். கலக்கும் அமைப்பில் தப்பு இருக்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் முழு அளவுள்ள மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலரின் (வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) துல்லியம் முழு அளவில் 1% என்றால் அது 10 மில்லிலிட்டர். அதை 20 மில்லிலிட்டரில் ஓட்டினால் பிழை பாதிக்குப் பாதி. அது முழு அளவின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே ஓடும்படி கலவையைத் திட்டமிடாதீர்கள். நைட்ரஜனுக்கு அளவு திருத்திய கன்ட்ரோலரில் கார்பன் டைஆக்சைடை அப்படியே ஓட்டினால் காட்டும் எண்ணில் ஏறத்தாழ 0.7 பங்குதான் உண்மையில் போகும்.

அறிகுறி: காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண்

பெரும்பாலும் ஒத்ததிர்வு நகர்கிறது. ஒலியின் வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு ஏறுவதால், அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு அதிர்வெண் சுமார் 0.17% ஏறும். நம் கலத்தில் அது 2.7 ஹெர்ட்ஸ். மாடுலேஷன் அதிர்வெண்ணை நிலையாக வைத்துவிட்டால் பத்து டிகிரி மாற்றத்தில் 27 ஹெர்ட்ஸ் விலகுவோம். சிக்னலில் 40% போய்விடும்.

ஆனால் வீச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தாமதமாகத்தான் தெரியும். உச்சத்தின் தலை தட்டையானது. ஒரு டிகிரி மாறினால் வீச்சு 1% கூடக் குறையாது. கட்டக்கோணமோ அதற்குள் கிட்டத்தட்ட 8 டிகிரி திரும்பிவிடும். ஐந்து டிகிரி மாறினால் வீச்சு ஆறில் ஒரு பங்கு குறையும், கட்டக்கோணம் 34 டிகிரி திரும்பும். ஆக, நாள்முழுதும் கட்டக்கோணத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். எண் நகரும்போது கோணமும் கூடவே திரும்பினால் ஒத்ததிர்வுதான். கோணம் அசையாமல் எண் மட்டும் நகர்ந்தால் லேசர் திறன், அலைநீளம், வாயு ஓட்டம் ஆகியவற்றைப் பாருங்கள்.

தீர்வு, கலத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது, அல்லது குறித்த இடைவெளியில் ஸ்பீக்கரால் ஒத்ததிர்வைத் தேடி மாடுலேஷனை அங்கே கொண்டுபோய் வைப்பது. முடிந்தால் இரண்டும்.

இதே கணக்கு வேறொரு இடத்திலும் கடிக்கும். நைட்ரஜன் காற்றைவிட லேசானது. அதில் ஒலி 1.7% வேகமாகப் போகும். நம் கலத்தில் அதுவும் 27 ஹெர்ட்ஸ்தான். நைட்ரஜன் கலவையில் அளவு திருத்திவிட்டு, அதிர்வெண்ணை மாற்றாமல் அறைக்காற்றை அளப்பது, பத்து டிகிரி வெப்ப மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குச் சமம். 25 டிகிரியில் நீராவி நிறைந்த காற்று, உலர்ந்த காற்றைவிட 7, 8 ஹெர்ட்ஸ் மேலே தள்ளும்.

அறிகுறி: சிலிண்டர் வாயுவில் சரியாக இருக்கிறது, உண்மையான காற்றில் தப்புகிறது

ஒளிஒலி முறையின் மிகக் கடினமான இடம் இது. அதிர்வெண்ணைச் சரி செய்த பிறகும் இந்த அறிகுறி நீடித்தால் பொறுமையாக உட்கார வேண்டும்.

மைக் கேட்பது ஒளியை அல்ல, சூட்டை. மூலக்கூறு உறிஞ்சிய ஆற்றல் முதலில் அதன் அதிர்வில் தங்கி, மோதல்கள் வழியாகத்தான் வாயுவின் சூடாக மாறுகிறது. அந்த மாற்றம் மாடுலேஷனின் ஒரு சுற்றுக்குள் முடிய வேண்டும். 1600 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 0.6 மில்லிசெகண்டு. உலர்ந்த நைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு இந்த நேரத்துக்குள் ஆற்றலை விடுவதில்லை. கார்பன் டைஆக்சைடோ 2349 அலையெண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) உறிஞ்சியதை, 2330 பக்கத்தில் இருக்கும் நைட்ரஜனின் அதிர்வுக்கு எளிதாகக் கைமாற்றிவிடும். நைட்ரஜன் அதை நெடுநேரம் வைத்துக்கொள்ளும். 10.6 மைக்ரோமீட்டர் லேசரில் இது இன்னும் விசித்திரம்: வாயு சற்று நேரம் குளிரக்கூடச் செய்யும், கட்டக்கோணம் தலைகீழாகும். மீத்தேனுக்கு இதே தொல்லை ஆக்சிஜனால் வருகிறது. அதனால் உலர்ந்த காற்றில் மீத்தேன் தரும் சிக்னல், உலர்ந்த நைட்ரஜனில் தருவதைவிடக் குறைவாக இருக்கும். இந்தத் தேக்கம் எல்லாவற்றையும் உடைப்பது நீராவி. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் போதும், ஆற்றல் வேகமாகச் சூடாகி சிக்னல் ஏறிவிடும்.

அதாவது, எலும்பாக உலர்ந்த சிலிண்டர் வாயுவில் எடுத்த காரணி ஈரமான காற்றுக்குச் சேராது. காரணி தப்பில்லை, அது வேறொரு வாயுவுக்கு உரியது.

ஆனால் ஈரம் மூன்று விதமாக விளையாடும். பிரித்துப் பார்க்காமல் திருத்தக் கூடாது. நான்கு அளவுகள் எடுங்கள்: உலர்ந்த சீரோ, ஈரமான சீரோ, உலர்ந்த ஸ்பான், ஈரமான ஸ்பான். ஒவ்வொன்றுக்கும் ஒத்ததிர்வைப் புதிதாகத் தேடி, எக்ஸ், ஒய் இரண்டையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக உலர்ந்த சீரோ 0.2, ஈரச் சீரோ 0.2, உலர்ந்த ஸ்பான் 6, ஈர ஸ்பான் 9 மைக்ரோவோல்ட் என்று வந்தால், நீராவி தானாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஒரே செறிவுக்கு எவ்வளவு சிக்னல் என்ற சரிவை மட்டும் மாற்றியிருக்கிறது. இது ஆற்றல் தேக்கம். கட்டக்கோணமும் கூடவே நகர்ந்திருக்கும். மாறாக உலர்ந்த சீரோ 0.2, ஈரச் சீரோ 3.2, உலர்ந்த ஸ்பான் 6, ஈர ஸ்பான் 9 என்றால், இரண்டிலும் ஒரே 3 கூடியிருக்கிறது. இது நீராவியின் சொந்த உறிஞ்சல் குறுக்கிடுவது. பக்கத்துக் கோட்டுக்கு மாறினால் தீரலாம், இல்லையென்றால் ஈரப்பதத்தைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். இரண்டு கதையிலும் ஈர ஸ்பான் எண் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஸ்பானை மட்டும் பார்த்தவருக்கு வித்தியாசமே தெரியாது. ஒத்ததிர்வை ஒவ்வொரு முறையும் தேடிவிட்டதால் மூன்றாவது விளையாட்டான ஒலிவேக மாற்றம் ஏற்கெனவே வெளியேறிவிட்டது.

ஈரமாக்கும்போது ஸ்பான் வாயுவை நேரடியாகத் தண்ணீரில் குமிழவிடாதீர்கள். அம்மோனியா என்றால் தண்ணீரே அதை விழுங்கிவிடும். கலக்கும் நைட்ரஜனையோ காற்றையோ மட்டும் ஈரமாக்கி, கலத்துக்கு முன்னால் ஸ்பானோடு சேருங்கள். நஃபியான் குழாய் (சுவர் வழியாக நீராவியைக் கடத்துவது) மீத்தேனுக்குச் சரி. அம்மோனியா அதன் சுவரில் போய்விடும். 25 டிகிரியில் நிறைவுற்ற நீராவியே 3% இடம் பிடிக்கும். அந்த நீர்த்தலையும் கணக்கில் சேருங்கள்.

தேக்கம்தான் காரணம் என்று தெரிந்தபின் இரண்டு வழி உண்டு. மாதிரியை எப்போதும் ஒரே அளவுக்கு ஈரமாக்கிவிடுவது ஒன்று; பல ஈரப்பதங்களில் காரணியை அளந்து வளைகோடு போட்டு, ஈர உணரியின் எண்ணைக் கொண்டு திருத்துவது மற்றொன்று. முதல் வழியையே நான் விரும்புவேன். குறைந்த ஈரப்பதத்தில் அந்த வளைகோடு செங்குத்தாக ஏறும். அங்கே ஈர உணரியின் சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

அறிகுறி: எண் மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது

அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு போன்ற ஒட்டும் வாயுக்களின் வேலை. அவை எஃகுச் சுவரில் ஒட்டி, சுவர் நிறைந்த பிறகுதான் கலத்துக்கு முழுதாக வரும். ஏறு வரிசையிலும் இறங்கு வரிசையிலும் அளவெடுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை என்றால் ஒட்டல் நிச்சயம். எண் நிலைத்தது போலத் தெரிந்ததும் ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். அப்போது எண் மாறினால் நிலை இன்னும் வரவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. டெஃப்லான் வகைக் குழாய், சுருக்கமான பாதை, 40 முதல் 50 டிகிரிக்குச் சூடாக்கிய சுவர், கூடுதல் ஓட்டம் இவை உதவும். பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவு அம்மோனியாவைச் சிலிண்டரில் வாங்கி வைப்பதைவிட, பிபிஎம் சிலிண்டரை நீர்த்துக்கொள்வதே நம்பகமானது. பெர்மியேஷன் குழாய் (அடுப்பில் வைத்தால் சுவர் வழியே வாயுவைச் சீராகக் கசியவிடுவது) பயன்படுத்தினால் அடுப்பின் வெப்பநிலையைக் கெட்டியாகப் பிடியுங்கள். ஒரு டிகிரி மாறினாலே வெளியேறும் அளவு 10% பக்கம் மாறும்.

அறிகுறி: அளவுத்திருத்தக் கோடு வளைகிறது

மேல்முனையில் வளைந்தால், ஒளி குழாயின் நடுவுக்கு வருமுன்பே கணிசமாக உறிஞ்சப்படுகிறது, அல்லது ஆம்ப்ளிஃபயர் எல்லையைத் தொட்டுவிட்டது. கீழ்முனையில் தட்டையானால் நீங்கள் வீச்சைப் பதிகிறீர்கள். வீச்சு ஒருபோதும் எதிர்மறையாகாது. இரைச்சலும் அதில் நேர்மறையாகவே சேரும். கட்டக்கோணத்தை ஸ்பான் வாயுவில் ஒருமுறை அமைத்துக்கொண்டு எக்ஸை மட்டும் எடுத்தால் கோடு நேராகி, சுழியைத் தாண்டி இரு பக்கமும் சிதறும். அப்படிச் சிதறுவதுதான் சரி.

அறிகுறி: எண் நடுங்குகிறது

பம்பை நிறுத்திப் பாருங்கள். அடங்கினால் பம்புக்கும் கலத்துக்கும் இடையே ஊசி வால்வும் ஒரு வெற்றுக் குடுவையும் வையுங்கள். பம்பை நிறுத்தியும் அடங்காவிட்டால் மின்னிணைப்பைச் சந்தேகியுங்கள்: 1600 ஹெர்ட்ஸ் என்பது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப்போல் 32 மடங்கு. மாடுலேஷனை 3 ஹெர்ட்ஸ் தள்ளிவைத்தால் சிக்னல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நடுக்கம் மட்டும் போகும்.

மைக்குக்குப் பதிலாகக் குவார்ட்ஸ் கவை இருந்தால்

கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கவையை (ஒலியில் அதிரும் சிறு குவார்ட்ஸ் இசைக்கவை) கொண்ட கருவிகளில் வெப்பநிலைத் தொல்லை குறைவு, ஆற்றல் தேக்கத்தின் தொல்லை அதிகம்: ஒரு சுற்றுக்கு இருப்பது 30 மைக்ரோசெகண்டுதான். வளிமண்டல அழுத்தத்தில் க்யூ 10,000 பக்கம் இருப்பதால் ஒத்ததிர்வின் அகலம் 3 ஹெர்ட்ஸ். வாயுவின் அடர்த்தி, அழுத்தம் மாறும்போதெல்லாம் கவையை மின்சாரத்தால் தூண்டி அதிர்வெண்ணையும் க்யூவையும் மறுபடி அளங்கள். கவையின் அதிர்வு அடங்கவே சுமார் 0.1 செகண்டு பிடிக்கும். அலைநீளத்தை அதைவிட வேகமாக நகர்த்தினால் உச்சம் தாழ்ந்தும் தள்ளியும் தெரியும்.

காரணம் கிடைத்த பிறகு

சரி, இப்போது ஸ்பானைத் திருத்தலாம். திருத்திய பிறகு, திருத்தத்துக்குப் பயன்படுத்தாத ஒரு நடுச்செறிவைக் கொடுத்து எண்ணைச் சோதியுங்கள். பொருந்தினால் புதிய காரணியோடு தாங்கு வாயு (நைட்ரஜனா, காற்றா என்பது), ஈரப்பதம், வெப்பநிலை, அழுத்தம், ஓட்டம், ஒத்ததிர்வு அதிர்வெண், க்யூ, லேசர் திறன், கட்டக்கோணம் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.